லக்கலக்காரியின் மடங்காத விரல்

மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையின் பழைய மண்டபம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே தராசுக்கு முன்னால் பெண் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்கிறோம்.

நான் இடது பக்க வரிசையில். முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. கண் மட்டும் வாசலிலேயே இருக்கிறது. லக்கல பஸ் வந்துவிட்டதா, இல்லையா?

வந்துவிட்டது. நதீஷா உள்ளே வருகிறாள். என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். நேரே வந்து எனக்குப் பின்னால் நிற்பாள், தோட்டையும் கொண்டை ஊசியையும் கழற்றி என்னிடம் தருவாள் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அவள் போய் வலது பக்க வரிசையில் நின்றாள்.

வலது பக்க வரிசை, எங்கள் பிரிவைவிட ஒரு படி கூடிய எடைப் பிரிவுக்கானது. நான் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

சென்ற கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய, பஸ் கண்டக்டரோடு சண்டை பிடித்த கதையைப் படித்துவிட்டு, "இந்த அக்காவுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோபமெல்லாம் இல்லைங்க. நான் பாடசாலையில் மல்யுத்தம் பிடித்த ஆள். ஒருவர் முட்டினால் பின்னால் போகத் தெரியாது, அவ்வளவுதான். கேட்டதற்காக இந்தக் கிழமை அந்தக் கதையையே சொல்கிறேன்.

மிளகு வாசம்

எங்கள் பாடசாலை இரத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து கிடக்கும் ஒரு தோட்டத்தில் இருந்தது. புதிதாக நியமனம் பெற்று விளையாட்டு ஆசிரியராக வந்த சேர் ஒருவர், மல்யுத்தத்தில் பெண் பிள்ளைகள் பிரிவில் ஆளே இல்லை, நாம் போனால் பாடசாலைக்குப் புள்ளி கிடைக்கும் என்று யோசித்து எங்களில் சிலரைப் பிடித்தார். அவருக்கும் பெரிதாகத் தெரியாது. சுவரில் ஒரு படத்தை ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்லித் தந்தார். ஒருநாள் படத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். அன்று முழுக்க எங்களுக்கு எதுவுமே விளங்கவில்லை.

மெத்தை கிடையாது. வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் மிளகு காயவைக்கிற படங்கை விரிப்போம். சாக்குகளைச் சேர்த்துத் தைத்த விரிப்புதான் படங்கு. ஒவ்வொரு முறை விழும்போதும் மிளகுத் தூள் மூக்கில் ஏறும். நாங்கள் தும்முவோம், சேரும் தும்முவார். வீட்டுக்குப் போய் எவ்வளவு சோப் போட்டாலும் தலைமுடியில் அந்த வாசம் போகாது.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். விஷயம் தெரிந்ததும், "கை கால் முறிஞ்சிட்டா ஒன்ன எவன் கையில புடிச்சிக் குடுக்கிறது?" என்று கேட்டார். பக்கத்து லயத்து வீட்டு அக்கா ஒருவர், பொம்பளப் புள்ளைங்க கட்டிப் புரளுற வெளையாட்டாமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்களும் வாங்க, சேர்ந்து புரளுவோம் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

ஆரம்பத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது விழுவதற்குத்தான். முன்னால் விழு, பின்னால் விழு, பக்கவாட்டில் விழு. தலையை உள்ளே இழுத்துக்கொள், கையை ஊன்றாதே. ஒரு மாதம் போல விழுந்துகொண்டே இருந்தோம். எப்போதுதான் ஆளைத் தூக்குவது என்று எனக்குப் பொறுமையே போய்விட்டது.

எதையோ காட்டுகிறாள் என்று நினைத்தேன்

மாவட்டப் போட்டிக்கு முதல் முறை போனபோது ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சிவப்பு ரத்தோட்ட, நீலம் லக்கல என்றுதான் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். நீல உடுப்பில் வந்தவள்தான் நதீஷா. ஒல்லி. கழுத்து நீளம். விறகுப் புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம்.

விசில் ஊதியதும் இடது கையால் என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்றால் பிடி. ஆனால் ஆட்காட்டி விரல் மட்டும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நீட்டியபடி நின்றது. எதையோ சுட்டிக் காட்டுகிறாள் என்று நினைத்து, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பார்த்துத் திரும்புவதற்குள் நான் மல்லாக்கக் கிடந்தேன். இரண்டு தோளும் மெத்தையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. பட்டுவிட்டது. என் மேல் கிடந்தபடியே அவள் என் காதுக்குள் ஒரு தும்மல் போட்டாள். என் தலைமுடி மிளகு.

தோற்றவர் எதிர்ப் பக்கத்து சேருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அழுதுகொண்டே போய்க் கொடுத்தேன். பிறகு படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எடை போட்ட பிறகு சாப்பிடுவதற்காகக் கொண்டுவந்த குரக்கன் ரொட்டியில், அதாவது கேழ்வரகு ரொட்டியில், பாதி அவளிடம் மிச்சமிருந்தது. மிளகாய் இடித்த கட்ட சம்பலோடு இலையில் சுற்றியிருந்தாள். அதைப் பிய்த்து என் மடியில் வைத்து, "கமு" என்றாள். சிங்களத்தில், சாப்பிடுவோம் என்று.

கோபமாக இருக்கத்தான் நினைத்தேன். பசி விடவில்லை.

அந்த விரலின் கதையை அப்போதுதான் சொன்னாள். சின்ன வயதில், காட்டை வெட்டிப் பயிர் செய்யும் சேனையில் கத்தி பட்டு நரம்பு அறுந்துவிட்டதாம். யானைக்குப் பயந்து விடியும் வரை காத்திருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். பிறகு அது மடங்கவேயில்லை. நான் உடைந்த சிங்களத்தில் கேட்க, அவள் எனக்காக மெதுவாகப் பேசினாள். அன்றிலிருந்து நான் அவளை லக்கல என்று கூப்பிட்டேன். அவள் என்னை ரத்தோட்ட என்றாள்.

அடுத்த வருடம் எடை போடும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். தோடும் ஊசியும் எடைதானே. கழற்றி ஒருவர் கையில் ஒருவர் கொடுத்துப் பிடித்துக்கொண்டோம். எடை போட்டு முடிந்ததும் அவளுடைய ரொட்டி, என்னுடைய ரொட்டி இரண்டையும் பிரித்துவைத்துச் சாப்பிட்டோம். பிறகு போய் ஒருவரை ஒருவர் தூக்கி அடித்தோம். ஒரே ஒரு புள்ளியில் தோற்றேன்.

அந்தத் தோல்விதான் என்னை ஆட்டிவைத்தது. அந்த ஒரு விரல் மடங்காததால் பிடியில் ஓர் இடைவெளி இருக்கிறது. மணிக்கட்டை அந்தப் பக்கமாகத் திருகினால் கை வெளியே வந்துவிட வேண்டும். இது வீட்டுக்கு வந்து படுத்துக் கிடக்கும்போதுதான் மூளைக்கு எட்டியது. என்னோடு பயிற்சி செய்த பிள்ளையின் ஆட்காட்டி விரலில் பென்சிலை வைத்துக் கட்டி, வருடம் முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் செய்தேன். பாவம், அவளால் சரியாக எழுதக்கூட முடியவில்லை என்று டீச்சரிடம் எனக்குத்தான் ஏச்சு.

அதை நதீஷாவின் கையில் செய்து பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

பிள்ளை ரவுடியாகிவிடுமா?

நான் இப்போது டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மல்யுத்தத்துக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் தாய்மார் வந்து, இருமல் மருந்தோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கேட்பார்கள். மிஸ், இதுல போனா புள்ள முரடாகிடாதா? வீட்டுல தம்பிய அடிக்காதா?

முரடான பிள்ளை அங்கே போனால் ஒரு கிழமையில் அடங்கிவிடும் என்பேன். தன்னைவிடச் சின்ன உடம்பு தன்னைத் தூக்கிப் போடும்போது வாய் தானாக மூடும். பயந்த பிள்ளை என்றால், விழுந்தால் செத்துவிட மாட்டோம் என்று தெரிந்துகொண்டு வரும். ஐயோ, அது எவ்வளவு பெரிய விஷயம்! நானெல்லாம் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் விழுந்திருக்கிறேன். தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரிந்ததால் தப்பித்தேன்.

ஆனால் உண்மையான காரணத்தைக் கடையில் நின்று சொல்ல முடியாது. இங்கே எழுதுகிறேன். என் மேல் தன் முழுப் பலத்தையும் போட்டு, துளிகூடக் கோபமில்லாமல் என்னைப் பிடித்த ஆள் அவள் ஒருத்திதான். முழுப் பலத்தோடு என் மேல் வந்த மற்ற எல்லோரும் கோபத்தோடுதான் வந்தார்கள். அன்பாக இருந்தவர்கள் நான் உடைந்துவிடுவேன் என்று மெதுவாகத் தொட்டார்கள். அந்தப் பிடிக்கு எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வரிசை

சரி, அந்த மண்டபத்துக்கு வருவோம்.

அந்த வருடம் நான் நன்றாக வளர்ந்துவிட்டேன். மேலே உள்ள பிரிவுக்குப் போ, அங்கே பெரிய ஆட்கள் இல்லை, பதக்கம் நிச்சயம் என்றார் சேர். முடியாது, லக்கல கீழேதான் இருப்பாள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் தேயிலை மலையைச் சுற்றி ஓடினேன். இரவில் பச்சை வெள்ளரிக்காய் மட்டும்தான். அம்மா சோற்றை ஆக்கிவைத்துவிட்டு அழுதார்.

லக்கலவில் என்ன நடந்திருக்கிறது தெரியுமா? போன வருடம் என்னைப் பிடித்தபோதே அவள் கவனித்திருக்கிறாள். ரத்தோட்ட வளர்கிறாள், அடுத்த வருடம் கட்டாயம் மேலே போவாள் என்று முடிவு கட்டி, அவளும் மேலே வரச் சாப்பிட்டிருக்கிறாள். எருமைத் தயிர், பூசணிக்காய், பலாக்காய், சோற்றுக்கு மேல் சோறு. அவளுடைய அம்மாவுக்கு ஒரே சந்தோஷமாம், பிள்ளை இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்று.

இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் அந்த மடங்காத விரலால் என்னைக் காட்டினாள். என் வரிசையைக் காட்டினாள். பிறகு தன்னைக் காட்டினாள். முகம் சுருங்கிப் போனது.

என் சேரும் அவளுடைய சேரும் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். பெயர் கொடுத்த பிரிவில்தான் பிடிக்க வேண்டும், மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். நதீஷா வரிசையைவிட்டு வந்து, தோட்டையும் ஊசியையும் என் கையில் தந்துவிட்டுப் போய் எடைக்கு ஏறினாள். என்னுடையதை நான் அவளிடம் கொடுத்தேன். பிறகு வழக்கம்போல ரொட்டியைப் பிரித்தோம். அவளுக்கு வயிறு நிரம்பியிருந்தது, எனக்கு விழுங்க முடியவில்லை. முதலில் அவள்தான் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

அன்று என் பிரிவில் பல்லேபொலவில் இருந்து வந்த ஒரு பிள்ளையை வென்றேன். அவளும் அவளுடைய பிரிவில் வென்றாள். நான் பிடிக்கும்போது அவள் மெத்தை ஓரத்தில் முழங்காலில் இருந்து கத்தினாள். அவள் பிடிக்கும்போது நான் கத்தினேன். நடுவர் என் கையைப் பிடித்து மேலே தூக்கியபோது அவளைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அந்தப் பதக்கம் வேண்டியிருக்கவில்லை.

அதுதான் கடைசி வருடம். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வயது கடந்துவிட்டது.

தண்ணீருக்குள் போன ஊர்

அப்போது எங்கள் கையில் போன் ஏது? எனக்குத் தெரிந்தது அவளுடைய பெயரும் பாடசாலையும்தான். பரீட்சை, வேலை, கல்யாணம் என்று வருடங்கள் ஓடின. பிறகு முகநூலில் தேடினேன். நாட்டில் பாதிப் பேருக்கு நதீஷா என்றுதான் பெயர். ஒவ்வொரு படத்திலும் கை தெரிகிறதா என்று பார்ப்பேன். எல்லோரும் முகத்தைத்தான் போடுகிறார்கள்.

ஒருநாள் கணவரின் ஓட்டோவிலேயே லக்கலவுக்குப் போனோம். அணை கட்டி, பழைய ஊர் தண்ணீருக்குள் போயிருந்தது. நாங்கள் வந்த பழைய பாதை அப்படியே சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். ஆட்களைப் புது இடங்களில் குடியேற்றிவிட்டார்கள், யார் எங்கே என்று சொல்ல முடியாது என்றார்.

யாரைத் தேடி வந்தோம் என்று கணவர் அப்போதுதான் கேட்டார். குஸ்தி பிடிக்க வந்தேன் என்றேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போத்தலில் இருந்த தண்ணீரை எடுத்துத் தந்தார்.

தராசுக்குப் பின்னால்

பெண் பிள்ளைகளை எடை போடுவதற்குப் பெண்கள் வேண்டும் என்று, மாவட்டப் போட்டி வரும்போதெல்லாம் என் பழைய பாடசாலையில் இருந்து கூப்பிடுவார்கள். லீவு போட்டுவிட்டுப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் உட்காருவேன். லக்கல பிள்ளைகள் வந்தால் விசாரிப்பேன். அதுகளுக்கு என்ன தெரியும்.

இந்த வருடமும் போனேன். லக்கல பிள்ளைகளுக்கு வேறொரு தராசு, விசாரிக்க முடியவில்லை. எடை போட்டு முடித்துவிட்டு, பிளேன்டீயோடு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒல்லியாக, நீளக் கழுத்தோடு லக்கல பிள்ளை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. அதன் சேர் கரையில் நின்று, விரலை மடக்கு, விரலை மடக்கு என்று சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

இடது கை எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஆட்காட்டி விரல் மட்டும் விறைப்பாக நீட்டியபடி நின்றது.

பிளேன்டீ சேலையில் கொட்டியதுகூடத் தெரியாமல் எழும்பி நின்றேன்.

பிள்ளை வென்றுவிட்டு வந்ததும் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலை மடக்கினேன், நன்றாக மடங்கியது. நீட்டினேன், நீண்டது. அந்த விரலில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் மடக்கவில்லை என்று சிங்களத்தில் கேட்டேன். அம்மாதான் பிடிக்கச் சொல்லித் தந்தார், பிடி என்றால் அப்படித்தான் என்றது பிள்ளை. அம்மாவின் விரல் ஏன் அப்படி என்று தெரியுமாம். ஆனால் மடக்கினால் பிடி வழுக்குகிறதாம்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளை பயந்துபோய்த் தன் சேரைப் பார்த்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதனிடம் சொன்னேன்: "அம்மாகிட்ட ரத்தோட்ட சொன்னதா சொல்லு. இந்த தடவ நான் கூடவும் மாட்டேன், கொறையவும் மாட்டேன். இப்ப இருக்கிற எடையிலயே இருக்கேன். அவளையும் அப்படியே இருக்கச் சொல்லு."

எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு அனுப்பினேன். பஸ் போன பிறகுதான் போன் நம்பர் வாங்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வென்ற பிள்ளைகளுக்கு மாகாணப் போட்டிக்காகச் சனிக்கிழமைகளில் டவுனில் பயிற்சி நடக்கிறது. போன சனிக்கிழமை கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். பிள்ளை என்னைக் கண்டதும் பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்துத் தந்தது. பிரிக்காமலே வாசம் தெரிந்துவிட்டது. குரக்கன் ரொட்டி, கட்ட சம்பல். விறகுப் புகையும் இருந்தது.

இலையைப் பிரித்து ஒரு துண்டு பிய்க்கப் போனேன். பிள்ளை டக்கென்று என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வேணாம் ஆன்ட்டி. எடை போட்ட பொறகு சேர்ந்துதான் சாப்பிடணுமாம், அம்மா சொன்னாங்க," என்றது சிங்களத்தில். அடுத்த சனிக்கிழமை அம்மாவும் வருகிறாராம். யானை பாதையை மறிக்காவிட்டால், பஸ் கிடைத்தால்.

பிள்ளை கையை எடுக்கவில்லை. மடங்காத விரல் என் கைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. இடைவெளி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகினால் வெளியே வரலாம் என்று என் மணிக்கட்டுக்கு இன்னும் தெரியும். நான் திருகவில்லை. பிள்ளை தானாக விடும் வரை அப்படியே வைத்திருந்தேன்.

இதை எழுதும்போது சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ரொட்டி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.